மலை காற்றைக் கழுவுவதில்லை: கண்டியின் வளி மாசு

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் அது மலைமேல் ஏறி நிற்கும் நகரன்று. மலைகளுக்கு நடுவே இறங்கிக் கிடக்கும் நகரம். ஒரு பக்கம் ஹந்தானைத் தொடர், எதிர்ப்பக்கம் உடவத்தகலைக் காடு, மேற்கே புத்தர் சிலை நிற்கும் பஹிரவகந்தை. வெளியே மகாவலி கங்கை வளைந்து ஓடுகிறது. குளம், தலதா மாளிகை, கடைவீதிகள், பஸ் நிலையங்கள், புகையிரத நிலையம், பெரிய பாடசாலைகள் எல்லாம் இந்தக் கிண்ணத்தின் அடியில் நெருங்கி அமைந்திருக்கின்றன.

இந்த நகரின் காற்றைப் பற்றி நெடுங்காலமாக ஒரு கருத்து நிலவுகிறது. கண்டி மலைநாடு; இங்கே பெரிய தொழிற்சாலை இல்லை; சுற்றிலும் காடு; அடிக்கடி மழை. ஆகவே வளி மாசு என்பது டெல்லியின் நோய், மிஞ்சினால் கொழும்பின் நோய். எப்போதாவது வானம் மங்கினால் அது இந்தியாவிலிருந்து வந்த புகை. அளவிட்டாலும் தேசிய நியமத்தை ஒட்டித்தான் இருக்கும். இருமலுக்கும் இழுப்புக்கும் குளிர்தான் காரணம். சுற்றுலாக் கையேடு முதல் பஸ்ஸில் நடக்கும் பேச்சு வரை இதுவே வழக்கு. இந்த வாதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அளவீட்டின் முன் அறுந்து போகிறது. முதற் கண்ணி, மலை இருந்தால் காற்று சுத்தமாக இருக்கும் என்பது.

வளி மாசின் நலவிளைவுகளைப் பற்றிய நவீன ஆராய்ச்சி தொடங்கியதே பள்ளத்தாக்குகளில்தான். 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆலைப்புகை சில நாட்கள் வெளியேறாமல் தங்கியதில் ஏறத்தாழ 60 பேர் இறந்தனர். 1948 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மலைகளுக்கிடையே ஆற்றோரம் இருந்த டொனோரா என்ற சிற்றூரில் 20 பேர் இறந்தனர்; ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். இரண்டு ஊர்களிலும் ஆலைகள் அதற்கு முன்னும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. அந்த நாட்களில் மட்டும் புகை கொலைப்புகையானதற்குக் காரணம் நில அமைப்பும் வானிலையும் சேர்ந்து போட்ட மூடி. கண்டியில் மியூஸின் ஆலைகள் இல்லை. ஆனால் அந்த மூடி உண்டு.

அது எப்படி விழுகிறது என்பதை எளிதாக விளக்கலாம். பகலில் தரை சூடாகிறது. தரையை ஒட்டிய காற்றும் சூடேறி மேலே எழுகிறது. புகையையும் கூடவே கொண்டுபோய் உயரத்தில் கலக்கிறது. இரவில், முக்கியமாக மேகமற்ற, காற்றசையாத இரவில், தரை வேகமாகக் குளிர்கிறது. மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்று பாரம் கூடியதால் நீரைப்போல வழிந்து பள்ளத்தின் அடியில் தேங்குகிறது. அதன்மேல் சற்று வெப்பமான காற்றடுக்கு போர்வையாகப் படிகிறது. இதற்கு வெப்பநிலை நேர்மாறல் என்று பெயர். கீழே குளிர், மேலே வெப்பம் என்றிருக்கும்வரை அடியிலுள்ள காற்று மேலெழாது. வெயில் மலைமுகட்டைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து தரையைச் சூடாக்கிய பின்பே அந்தப் போர்வை விலகும்.

விடியற்காலையில் கண்டிக் குளத்தின் மேல் மிதக்கும் மூடுபனி படங்களில் அழகாகவே இருக்கிறது. அந்தப் பனி வெறும் நீர்த்துளிதான். ஆனால் அது கலையாமல் நிற்பது கீழுள்ள காற்று அசையவில்லை என்பதற்கு அடையாளம். அதே வேளையில்தான் நகரம் விழிக்கிறது. பாடசாலைகள் காலை ஏழரைக்குத் தொடங்குவதால் ஆறரையிலிருந்தே பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டை வீதியிலும் பாடசாலை வேன்கள், பஸ்கள், முச்சக்கர வண்டிகள், மோட்டார் சைக்கிள்கள் வரிசைகட்டுகின்றன. பஸ் நிலையங்களிலும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் டீசல் எஞ்சின்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. நகருக்குள் நுழையும் வழிகள் மலையிடுக்குகளுக்குள் அடங்கிய சிலவே என்பதால் வாகனங்கள் ஓடும் நேரத்தைவிட ஊரும் நேரமும் நிற்கும் நேரமும் அதிகம். ஓடும் வண்டியைவிட, நின்று நின்று புறப்படும் வண்டி ஒரு கிலோமீற்றருக்குக் கக்கும் புகை கூடுதல். ஆக, மூடி இறுகியிருக்கும் வேளையும் புகை மிகும் வேளையும் பிள்ளைகள் தெருவில் நிற்கும் வேளையும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

தொழிற்சாலை இல்லை என்ற வாதம் இங்கே தன் பொருளை இழக்கிறது. நாட்டில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை 80 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரே இடத்தில் உயர்ந்து நிற்கும் ஆலைக் குழாய் புகையை மேலே விடுகிறது. வாகனத்தின் புகைக்குழாயோ நடந்துபோகும் பிள்ளையின் மூக்குக்குக் கிட்டே விடுகிறது. டீசல் புகையை 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதற் பிரிவில் சேர்த்தது. அடுத்த ஆண்டு வெளிக்காற்று மாசு முழுவதையும் அதே பிரிவில் வைத்தது.

இரண்டாவது கண்ணி, கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பது. கண்ணுக்குத் தெரியும் தூசில் பெரும்பகுதி பெரிய துகள். அது மூக்கிலும் தொண்டையிலும் தடைபட்டு இருமலோடு வெளியேறலாம். ஆராய்ச்சியாளர் அஞ்சுவது விட்டம் 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த நுண்துகளுக்கு, அதாவது பி.எம். 2.5க்கு. தலைமயிரின் தடிப்பில் அது முப்பதில் ஒரு பங்கு. சுவாசப்பையின் கடைசிக் காற்றறைவரை அது இறங்கும். மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் மாரடைப்பும் பாரிசவாதமும் வளி மாசின் விளைவுகளில் முன்னே நிற்கின்றன. இருமல் அதன் மிகச் சிறிய முகம்.

இந்த நுண்துகளைப் பிடிக்கும் அடிப்படை முறை தராசை நம்புகிறது. வெண்ணிற இழைவடி ஒன்றை ஈரப்பதமும் வெப்பமும் கட்டுப்படுத்திய அறையில் ஒரு நாள் வைத்து நுண் தராசில் நிறுக்கிறார்கள். பின் அதைப் பம்பு பொருத்திய கருவியில் இட்டு 24 மணித்தியாலம் காற்றை உறிஞ்ச விடுகிறார்கள். பெரிய கருவி ஒன்று இந்த நேரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கனமீற்றர் காற்றை இழுக்கும். ஒரு மனிதர் ஒரு நாளில் சுவாசிப்பதோ 10 முதல் 15 கனமீற்றர். கழற்றும்போது இழைவடி நகரத் தெருவுக்கேற்பச் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். அதே அறையில் மீண்டும் பதப்படுத்தி நிறுக்கிறார்கள். கூடிய எடையை உறிஞ்சிய காற்றின் கனவளவால் வகுத்தால் ஒரு கனமீற்றருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று விடை வரும். இதில் யாருடைய அபிப்பிராயத்துக்கும் இடமில்லை.

கண்டியில் வளி மாசு அளவீடுகள் இரண்டு தசாப்தங்களாக நடந்துவருகின்றன. அபேரத்னவும் பேராதனைப் பல்கலைக்கழக இரசாயனப் பேராசிரியர் இலேபெருமவும் கண்டி நகர வளி மாசு பற்றிய கட்டுரையை 2006இல் தேசிய விஞ்ஞான மன்றத்தின் சஞ்சிகையில் வெளியிட்டனர். எலங்கசிங்கவும் சாந்தினியும் 2008இல் அதே சஞ்சிகையில் கண்டியின் பி.எம். 10 அளவை, அதாவது 10 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துகளின் அளவை, வாகனப் போக்குவரத்தின் அடர்த்தியோடு சேர்த்து ஆராய்ந்தனர். விக்ரமசிங்க, கருணாரத்ன, சிவகணேசன் ஆகியோர் துகள்களில் ஒட்டியிருக்கும் பல்வளைய அரோமற்றிக் ஐதரோகாபன்களைத் தேடினர். அரைகுறையாக எரியும் எரிபொருளில் பிறக்கும் இச்சேர்வைகளில் சில புற்றுநோயைத் தூண்டுபவை. 2011இல் வெளியான அந்த ஆய்வு கண்டியின் நகர், புறநகர், கிராமம் மூன்றையும் ஒப்பிட்டது. வாகன நெரிசல் மிகுந்த இடங்களில் அளவு உச்சத்தில் இருந்தது. விறகு அதிகம் எரியும் கிராமங்களில், குறைவாக எரியும் கிராமங்களைவிடக் கூடுதலாக இருந்தது. மலைக்காற்றின் பெயரால் பேசுவோர் பதில் சொல்லவேண்டிய முடிவு இது.

கிராமம் என்றால் சுத்தம் என்ற நம்பிக்கையும் இதோடு தளர்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. 2022இல் எரிவாயு கிடைக்காமற்போனபோது நகர வீடுகளும் விறகடுப்புக்குத் திரும்பின. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் லயக் காம்பராவுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் சமையற்கட்டில் புகைபோக்கி இல்லாவிட்டால், ஈர விறகின் புகை கூரைத் தகரத்தின் கீழ் தங்கி காம்பராவுக்குள்ளேயே திரும்பும். சுவரும் சட்டிபானையும் கறுத்திருப்பது அதற்குச் சாட்சி. அதிகாலையில் ரொட்டிக்கும் தேநீருக்கும் அடுப்பு மூட்டும் பெண்ணும் அவள் இடுப்பிலுள்ள குழந்தையும் சுவாசிக்கும் காற்று, வெளியே மலைச்சரிவில் வீசும் காற்றன்று. மலையழகைப் படமெடுப்பவர் கதவுக்கு வெளியே நிற்கிறார். அளவுகருவியை வைக்க வேண்டிய இடம் கதவுக்கு உள்ளே.

மூன்றாவது கண்ணி, காடும் மழையும் சுத்தப்படுத்திவிடும் என்பது. உடவத்தகலை ஏறத்தாழ 100 ஹெக்டேயர் பரப்புள்ள காடு. அதன் இலைகளில் தூசு படிவதும் உண்மை. ஆனால் தெருவில் ஓயாமல் பிறக்கும் நுண்துகளோடு ஒப்பிட்டால் இலைகள் பிடிப்பது மிகச் சிறிய பங்கு. ஒடுங்கிய தெருவின் மேல் அடர்ந்த கிளைகள் கவிந்தால் அவை புகையை வெளியேறவிடாமல் தடுப்பதும் உண்டு. மழை பெரிய துகளை நன்றாகக் கழுவும். ஆனால் ஏறத்தாழ 0.1 முதல் 1 மைக்ரோமீற்றர் வரையான துகள் மழைத்துளியை விலக்கிச் சுற்றிச் செல்லும் காற்றோடு நழுவிவிடும். அதைக் கழுவுவதில் மழை மிகவும் பலவீனமானது. தீங்கு விளைவிப்பதும் அந்த அளவுத் துகளே. மழை ஓய்ந்த சில மணி நேரத்தில் எஞ்சின்கள் மீண்டும் இடத்தை நிரப்பிவிடுகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரையான வரண்ட மாதங்களில் அந்தக் கழுவலும் குறைவு.

நான்காவது கண்ணி சற்றுப் பலமானது: புகை வெளியிலிருந்து வருகிறது என்பது. அதில் உண்மை உண்டு. 2006ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பே எல்லை கடந்து வரும் மாசின் சாத்தியத்தைக் குறிப்பிட்டது. வடகீழ்ப் பருவக் காற்று வீசும் மாதங்களில் இந்தியத் துணைக்கண்டத்தின் மாசு வங்காள விரிகுடாவைக் கடந்து இலங்கையை எட்டுகிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக்கடலில் இருந்தபோது நாடு முழுவதும் வளித்தரம் கெட்டது. டிசம்பர் 9ஆந் திகதி அரச பாடசாலைகள் மூடப்பட்டன. ஆனால் இந்த வாதத்தை முன்வைப்போர் இரண்டை மறக்கிறார்கள். கடல் கடந்து வருவது ஒரு பருவத்தின் சில நாட்களில். பேராதனை வீதியின் புகையோ ஆண்டு முழுவதும். மேலும், வெளியிலிருந்து வரும் மாசு தீவின் மேல் பரவலாகப் படியும். ஆனால் ஒரே நகருக்குள் பஸ் நிலையத்துக்கும் சற்றுத் தள்ளிய ஒழுங்கைக்கும் வேறுவேறு அளவு வருகிறதென்றால், காலைக்கும் நண்பகலுக்கும் அளவு மாறுகிறதென்றால், அந்த வித்தியாசத்தை இந்தியாவின் தலையில் கட்ட முடியாது. வெளியிலிருந்து வரும் மாசு உண்மையென்றால் உள்ளூர் மாசைக் குறைப்பது இன்னும் அவசரமாகிறது. நிரம்பிய பாத்திரத்தில்தான் ஒரு கரண்டியும் வழிகிறது.

இயற்கையே ஒருமுறை இந்த வழக்கைச் சோதித்தது. 2020 மார்ச்சில் கொரோனாப் பரவலுக்காக நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. வாகனங்கள் நின்றன, கண்டியிலும் நுண்துகள் அளவு குறைந்தது. பருவ மாற்றத்துக்கும் அதில் பங்கிருந்திருக்கலாம். ஆனால் ஹந்தானை இருந்த இடத்தில்தான் இருந்தது. உடவத்தகலையும் கூடவோ குறையவோ இல்லை. மாறியது வாகனங்களின் எண்ணிக்கை.

ஐந்தாவது கண்ணி, அளவு நியமத்துக்குள் இருந்தால் ஆபத்தில்லை என்பது. 2008 ஓகஸ்ட் மாத வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட இலங்கையின் நியமப்படி பி.எம். 2.5க்கு ஆண்டுச் சராசரி எல்லை ஒரு கனமீற்றருக்கு 25 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கான எல்லை 50. உலக சுகாதார நிறுவனம் 2005இல் ஆண்டுக்கு 10, நாளுக்கு 25 என்று வைத்தது. 2021இல் அதை முறையே 5, 15 என்று இறக்கியது. ஆண்டெல்லையில் தேசிய நியமம் உலக வழிகாட்டலின் ஐந்து மடங்கு. நியமம் என்பது ஒரு நாடு தன் பொருளாதாரத்தையும் எரிபொருளையும் வாகனங்களையும் கணக்கிட்டு எடுத்த நிர்வாக முடிவு. உடல் வர்த்தமானி வாசிப்பதில்லை. கைபேசிச் செயலிகள் காட்டும் வளித்தரச் சுட்டெண்ணும் மைக்ரோகிராமும் ஒன்றே என்று எண்ணுவதும் இதே மயக்கத்தின் கிளை. அமெரிக்கச் சுட்டெண்ணில் 100 என்பது ஏறத்தாழ 35 மைக்ரோகிராமைத்தான் குறிக்கிறது. நூறுக்குக் கீழே இருந்தால் நல்லது என்று ஆறுதலடைபவர், உலக வழிகாட்டலின் நாளெல்லையான 15ஐ இருமடங்கு தாண்டிய காற்றையும் நல்லதென்று கொள்கிறார்.

டெல்லியோடு ஒப்பிட்டு நிம்மதியடைவதும் பிழை. மாசு கூடக்கூட நோய் கூடும் வளைகோடு, குறைந்த அளவுகளில் செங்குத்தாகவும் உயர்ந்த அளவுகளில் சாய்வாகவும் செல்கிறது. மிக அழுக்கான நகரில் 10 மைக்ரோகிராம் குறைந்தால் கிடைக்கும் பயனைவிட, ஓரளவு அழுக்கான நகரில் அதே 10 குறைந்தால் கிடைக்கும் பயன் பெரிது. கண்டி டெல்லி இல்லை என்பதே கண்டியில் செயற்பட வலுவான காரணம்.

ஆறாவது கண்ணி, நோய்க்குக் காற்றே காரணம் என்று யார் நிரூபித்தது என்பது. 1993இல் வெளியான ஹாவர்ட் ஆய்வு அமெரிக்காவின் ஆறு நகரங்களில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. புகைத்தல் முதலிய காரணங்களைக் கழித்த பின்னும், மிக அழுக்கான நகரில் இறப்பு வீதம் மிகச் சுத்தமான நகரைவிட 26 வீதம் கூடுதலாக இருந்தது. அமெரிக்கா வேறு, கண்டி வேறு என்பார்க்குக் கண்டியிலேயே விடை உண்டு. 2019ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு பிரியங்கர, செனரத்ன, பொவத்த முதலியோர் செய்து 2021இல் சர்வதேச சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு, அன்றாட நுண்துகள் அளவையும் சுவாச நோய்க்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோர் தொகையையும் நாளுக்கு நாள் பொருத்திப் பார்த்தது. பி.எம். 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் அதே நாளில் சுவாச நோய் அனுமதிகள் ஏறத்தாழ 2 வீதம் கூடின. ஆஸ்துமா அனுமதிகள் 4 வீதத்துக்கு மேல் கூடின. 65 வயதைக் கடந்தோருக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது.

இந்த ஆய்வுமுறையின் வலிமை, நகரைத் தன்னோடேயே ஒப்பிடுவதில் இருக்கிறது. திங்கட்கிழமை கண்டியில் சிகரெட் பிடித்தவர் செவ்வாய்க்கிழமையும் பிடிக்கிறார், வறுமை ஓரிரவில் மாறுவதில்லை, பரம்பரை மாறுவதில்லை. நாளுக்கு நாள் மாறுவது காற்றும் வானிலையும் கிழமையுமே. பின்னிரண்டையும் கணிதமாதிரியில் கழித்துவிடலாம். குளிர்தான் காரணம் என்ற பழைய விளக்கத்துக்கு இங்கே இடம் மிச்சமில்லை. குளிரைக் கணக்கில் எடுத்த பிறகும் காற்றின் பங்கு நிற்கிறது. 2 வீதம் சிறிதல்லவா என்று கேட்கலாம். சிகரெட்டைப் பிடிப்பவர் மட்டுமே பிடிக்கிறார். நகரின் காற்றைப் பிறந்த குழந்தை முதல் படுக்கையிலுள்ள முதியவர் வரை எல்லோரும் சுவாசிக்கிறார்கள். சிறிய ஆபத்தை முழுச் சனத்தொகையால் பெருக்கினால் வார்டுகள் நிரம்பும் கணக்கு வருகிறது.

அளவுகருவிகளே நம்பத்தக்கவையல்ல என்ற கடைசி மறுப்பும் உண்டு. அண்மைக் காலத்தில் பயன்படும் மலிவான உணரிகள் லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறுவதைக் கொண்டு அளவைக் கணிக்கின்றன. ஈரப்பதம் மிகுந்தால் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும். உணரி கூடுதலாகக் காட்டும். கண்டியின் பனிக்காலைகளில் இது மெய்யான குறை. அதற்கு மருந்து உணரியைத் தூக்கி எறிவதன்று. இழைவடி முறையோடு பக்கத்துப் பக்கம் வைத்து ஒப்பிட்டு ஈரப்பதத்துக்கேற்பத் திருத்துவது. எதிர்ப்புறக் குறையையும் சொல்லவேண்டும். நகருக்கு ஒரு நிலையம், அதுவும் தெருவிலிருந்து விலகிய இடத்தில் என்றிருந்தால், பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர் சுவாசிப்பதைவிடக் குறைந்த எண்ணே பதிவாகும். அளவீட்டின் குறைகள் கண்டியின் காற்றுக்குச் சாதகமாகவே பிழைக்கவும் கூடும்.

காற்று தானாகச் சுத்தமாவதில்லை என்பதற்கும், முயன்றால் சுத்தமாகும் என்பதற்கும் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. தெருக்காற்றில் ஈயம் கலந்துகொண்டிருந்த பெருவழி அடைபட்டது. 2008இல் இரட்டை வீச்சு எஞ்சின் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில் வாகனப் புகைப் பரிசோதனையும் தொடங்கியது. இவை மூன்றும் அரச முடிவுகள். மலையோ மழையோ இவற்றில் எதையும் செய்யவில்லை.

இனிச் செய்யவேண்டியதும் அதே வழியில்தான் இருக்கிறது. பாடசாலை வாசலிலும் பஸ் நிலையத்திலும் பிள்ளையின் மூக்கு உயரத்தில் அளவுகருவிகளை வைத்து நாளாந்த எண்களை மூன்று மொழிகளிலும் வெளியிடுதல். நிற்கும் பஸ்ஸின் எஞ்சினை அணைக்கும் விதியை நடைமுறைப்படுத்துதல். பாடசாலைப் பிள்ளைகளைத் தனி வேன்களிலிருந்து பஸ்ஸுக்கு மாற்றுதல். லயங்களிலும் கிராமங்களிலும் புகைபோக்கியுள்ள அடுப்பை வீடுவீடாகப் பொருத்துதல். தேசிய நியமத்தைப் படிப்படியாக உலக வழிகாட்டலை நோக்கி இறக்குதல். கண்டிப் பள்ளத்தாக்கில் விடும் புகைக்கு வெளியேற வழி குறைவு. ஆகவே சமவெளியில் இருக்கும் நகரைவிடக் கண்டி குறைவாகவே புகை விட வேண்டும்.